மூட்டைக்கு ஒரு மறுபோட்டி

குத்துச்சண்டையில் தோற்றவனுக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுக்கலாமா, கூடாதா என்று இரண்டு மாதமாக ஊர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பேசினார்கள், முடிவெட்டும் கடையில் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் புண்ணும் சீழுமாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட வலியை ஓரமாக வைத்துவிட்டு அதையே பேசினார்கள். வாழ்நாளில் ஒரு குத்துக்கூட வாங்கியறியாத ஆட்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கென்ன, வலித்தால் வாய்தானே வலிக்கப்போகிறது.

உள்ளே அவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“அண்ணே, நீங்க அவன் பக்கத்துலயே நின்னவரு. நீங்க சொன்னா சரியா இருக்கும். மூட்டைக்கு இன்னொரு சான்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டார், கணுக்காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்த பேக்கரிக்காரர் ஒருவர்.

“காலை நீட்டுங்க.”

“நீட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“அப்ப வாயைச் சுருக்குங்க.”

கட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே ஸ்டூல், அதே மருந்து வாடை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. ‘காலையிலிருந்து அடுத்தவன் புண்ணைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா என் மூஞ்சியையே எனக்குப் பார்க்கப் பிடிக்கலை, அதை ஒருத்தி வேற பார்க்கணுமா’ என்பார். ஆஸ்பத்திரி நேரம் போக அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. குத்துச்சண்டை மேடையில், சண்டைக்காரனின் மூலையில் நின்று காயம் பார்ப்பது.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு நிமிடம். ஏறிப் போகப் பத்து விநாடி, இறங்கி வரப் பத்து விநாடி போனால் மிச்சம் நாற்பது. அதற்குள் பஞ்சுக் குச்சியை மருந்தில் தோய்த்துக் காயத்துக்குள் அழுத்த வேண்டும். ஐஸில் கிடக்கும் இரும்புக் கட்டையை எடுத்துக் கண்ணின் வீக்கத்தை அமுக்கி இறக்க வேண்டும். புருவத்தில் வாசலின் அப்ப வேண்டும். இதையெல்லாம் எல்லாக் காயம் பார்ப்பவரும் செய்வார்கள். கட்டுக்காரருக்கு இதுபோகச் சொந்தமாக ஒரு வழக்கம் இருந்தது.

போட்டிக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் சண்டைக்காரனின் கைகளுக்குத் துணி சுற்றும்போது, பேச்சோடு பேச்சாக அன்றைக்கு நடந்த ஏதாவது ஒரு அற்ப விஷயத்தைச் சொல்வார். வழியில் பார்த்த கழுதை, பக்கத்து வீட்டில் உடைந்த ஜன்னல், இப்படி எதுவாவது. பிறகு சுற்றுகளுக்கு நடுவே, ஆள் பலமாக ஒரு அடி வாங்கியிருந்தால், காயத்தை அமுக்கியபடியே அதைக் கேட்பார். பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்றெல்லாம் கேட்டுப் பயனில்லை. அதை மண்டை கலங்கியவனும் சொல்லிவிடுவான். அன்றைக்குப் புதிதாக உள்ளே போனது உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ன கேட்கப்போகிறார் என்பதும் அதற்கு என்ன பதில் என்பதும் யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அந்த வழக்கத்துக்கு இருந்த சட்டம்.

ஒரு தடவை ஒருவன் கழுதையைக் குதிரை என்றான். கட்டுக்காரர் தாமாகவே நடுவரைக் கூப்பிட்டு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். கழுதைக்கும் குதிரைக்கும் பெரிய வித்தியாசமா என்று அவனுடைய ஆட்கள் அவரை அடிக்காத குறை. அவன் இன்றைக்குப் பஸ் ஓட்டுகிறான். அவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறான்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அன்றைக்கு அந்தத் தப்பைச் செய்தார்.

மூட்டை அவருடைய அக்கா மகன். மாவு ஆலையில் மூட்டை இறக்குவதால் வந்த பெயர் என்று பத்திரிகையில் எழுதினார்கள். சுத்தப் பொய். மூன்று வயதில் அவனை இடுப்பில் தூக்கிவைக்க முடியாமல் மாமன்காரர் வைத்த பெயர் அது. ஆலை வேலை பின்னால் வந்து பெயருக்குப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. இருபத்தெட்டு வயது, நூற்றுப் பத்து கிலோ. குனிந்துதான் எந்தக் கதவுக்குள்ளும் போவான். அவனுடைய அப்பா ஒருநாள் வேலைக்குப் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவி அவனை வளர்த்தாள். எட்டு வயதில் பையனுக்கு முதன்முதலாகக் கையில் துணி சுற்றியது மாமா. இருபது வருடமாக அந்தக் கைகளை வேறு யாரும் சுற்றியதில்லை.

ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டி. பன்னிரண்டு சுற்று. நான்காம் சுற்றிலேயே மூட்டையின் இடது புருவம் கிழிந்துவிட்டது. விரலை உள்ளே விட்டால் எலும்பு தட்டுப்படும், அப்படி ஒரு கிழிசல். வேறு யாராவது மூலையில் நின்றிருந்தால் ஐந்தாம் சுற்றிலேயே டாக்டர் ஏறிவந்து நிறுத்தியிருப்பார். கட்டுக்காரர் நிறுத்த விடவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் அந்தப் புருவத்தை மூடி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் அது மூடியபடியே திரும்பி வந்தது. கூட்டம் மூட்டையின் கையைப் பார்த்துக் கத்தியது. அவர் தம் கையைத் தாமே மெச்சிக்கொண்டிருந்தார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் தொடங்கியது.

ஒன்பதாம் சுற்று முடிய அரை நிமிடம் இருக்கையில் சாம்பியனின் வலது கை மூட்டையின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. மூட்டை விழவும் இல்லை. நேராக நடந்துவந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கட்டுக்காரர் புருவத்தை அமுக்கிக்கொண்டே கேட்டார்.

“காலையில உங்க வீட்ல நான் எதை ரிப்பேர் பண்ணினேன்?”

“தாழ்ப்பாள்,” என்றான் மூட்டை, பட்டென்று.

தாழ்ப்பாளைச் சரிசெய்தது போன வருடம். அன்று காலை அவர் மாற்றியது சமையலறைக் குழாயின் வாஷரை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அதைச் சொல்லிச் சிரித்தபடி அவன் கைக்குத் துணி சுற்றியிருந்தார். பதில் தப்பு. அது அவர் காதில் விழுந்தது. விழவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் புருவத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. புள்ளியில் மூட்டை முன்னால் இருந்தான். இன்னும் மூன்றே சுற்று. தயங்காமல் ஏதோ ஒன்றைச் சொன்னானே, அது போதாதா என்று மனசு தனக்குத்தானே மழுப்பியது.

நடுவர் கயிற்றருகே வந்து, “ஆள் எப்படி?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான்,” என்றார் கட்டுக்காரர்.

அந்த மூன்று சுற்றிலும் மூட்டை வாங்கிய அடியை எண்ணினவர்கள் நூற்றுக்கு மேல் என்றார்கள். கையைத் தூக்க மறந்தவன் மாதிரி நின்று வாங்கினான். கடைசிவரை விழவில்லை. புள்ளி போடுகிற மூவரில் ஒருவர் அவனுக்குக் கொடுத்தார், மற்ற இருவரும் சாம்பியனுக்குக் கொடுத்தார்கள், அதுவும் இரண்டே புள்ளி வித்தியாசத்தில். ஒரு சுற்று இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் சமம். அதனால்தான் ஊர் அப்படிக் குதித்தது. புருவம் கிழிந்தும் பன்னிரண்டு சுற்று நின்ற ஆளுக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது என்றார்கள். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் இல்லாததெல்லாம் வீட்டில் தெரிய ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது அக்காதான். ஆனால் தம்பியிடம் சொல்ல அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. குத்துச்சண்டைச் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். மூட்டையின் கோச் மறுபோட்டி கேட்டுக் கொடுத்த மனுவை வியாழக்கிழமை காலை விசாரிக்கப்போகிறார்கள், மூட்டையும் கோச்சும் காயம் பார்த்தவரும் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பின்வாசலுக்குப் போனார். அக்கா பெரிய அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்ளர்ல தண்ணி ஊத்துறான்டா,” என்றாள், தலையை வெளியே எடுக்காமலே. “நிரம்பி வழியுது, ஊத்திக்கிட்டே நிக்கிறான். சட்டைப் பட்டனை ஒண்ணு தள்ளிப் போடுறான். நேத்து வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அம்மா, நான் உள்ள வந்தேனா, வெளிய போறேனா’ன்னு கேட்டான். விளையாடுறான்னு நினைச்சுச் சிரிச்சேன். அவன் சிரிக்கலை.”

கட்டுக்காரர் அங்கிருந்த ஈர மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாம் இடைவேளையை அப்போதுதான் முதன்முதலாக இன்னொரு ஆளிடம் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. தாழ்ப்பாள் என்று அவன் சொன்னதையும், நல்லா இருக்கான் என்று தான் சொன்னதையும் அப்படியே சொன்னார்.

அக்கா அண்டாவிலிருந்து வெளியே வந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. அவரை அறைந்துவிடுவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“குத்துச்சண்டைக்குன்னு அவனை என்கிட்டேர்ந்து வாங்கிட்டுப் போறப்ப என்னடா சொன்னே,” என்றாள். “நான் பார்த்துக்கறேன்னு சொன்னே.”

“சொன்னேன்க்கா.”

“இப்ப அவங்ககிட்டப் போய் நடந்ததைச் சொன்னா நிறுத்திடுவாங்களா?”

“நிறுத்திடுவாங்க. இனிமே எப்பவுமே மேடை ஏற விடமாட்டாங்க. அவன் வாழ்க்கையில வேற எதுவும் கிடையாது, அது தெரியும்ல உனக்கு?”

“உசுரு இருக்கும்ல?” என்றாள் அக்கா. பிறகு நுரையை வழித்துப் போட்டுவிட்டு, “ஆனா ஒண்ணு. அவன்கிட்ட சொல்லிட்டுச் செய். அவங்கப்பன் சொல்லாம செஞ்சுட்டுப் போனான். நீயும் முதுகுக்குப் பின்னால செய்யாதே,” என்றாள்.

நியாயமான பேச்சு. அக்கா சொல்லி அவர் தட்டியதும் கிடையாது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போனார். அக்கா இன்னும் திரும்பவில்லை. மூட்டை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பயிற்சிக்குத் தாண்டுகிற கயிற்றில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

மூட்டை கோபப்படவே இல்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டான்.

“என்ன கேட்டீங்கன்னு சொன்னீங்க?”

“காலையில உங்க வீட்ல எதை ரிப்பேர் பண்ணினேன்னு கேட்டேன்டா.”

“நான் தாழ்ப்பாள்னு சொன்னேனாக்கும்.”

“ஆமா.”

“அப்ப என்னதான் ரிப்பேர் பண்ணீங்க?”

“குழாய்டா. சமையலறைக் குழாய். வாஷர் தேஞ்சு போய் ராத்திரியெல்லாம் சொட்டுதுன்னு உங்கம்மா திட்டிக்கிட்டு இருந்தா. மாத்திப் போட்டேன்.”

“குழாய். வாஷர். அம்மா திட்டினாங்க,” என்றான் மூட்டை, மெதுவாக, ஒவ்வொன்றாக.

“ஆமாடா ராஜா,” என்றார் கட்டுக்காரர். பிள்ளை எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறான் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் மேடை மேடையாக ஏறி இறங்கின மனிதர், பதிலை முன்கூட்டிச் சொல்லாதே என்கிற தம்முடைய ஒரே சட்டத்தைத் தாமே உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவே இல்லை. மனசிலிருந்த பாரம் இறங்கினால் போதும் என்றிருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை சம்மேளனத்து அறையில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் தலைவர், பழைய சண்டைக்காரர், மூக்கு ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட வக்கீலம்மா. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். மூட்டை உட்கார்ந்ததும் அவனுடைய நாற்காலி முனகியது. புதுச் சட்டை, பட்டன்கள் வரிசையாகச் சரியாக இருந்தன, அக்கா போட்டுவிட்டிருப்பாள். இரண்டு கைகளையும் மடியில் முஷ்டியாக வைத்துக்கொண்டிருந்தான்.

கோச் முதலில் பேசினார். நாக்கில் நல்ல பதம் உள்ள ஆள். இரண்டு புள்ளி, ஒரு கிழிந்த புருவம், பன்னிரண்டு சுற்று என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி, இவனுக்கு இல்லையென்றால் மறுபோட்டி என்ற வார்த்தையையே புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று முடித்தார். தலைவர் தலையை ஆட்டினார். டாக்டர் தலைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார்.

“காயம் பார்த்தவர் நீங்கதானே?” என்றார் வக்கீலம்மா. “உங்க அபிப்பிராயம் என்ன? இவருக்குத் தகுதி இருக்கா?”

கட்டுக்காரர் எழுந்து நின்றார். “சாம்பியனை ஜெயிக்கிற தகுதி இருக்கும்மா. ஒன்பது சுத்து நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு அடி வாங்குற தகுதிதான் இல்லை.”

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேள்வியை, பதிலை, நடுவரிடம் தாம் சொன்ன பொய்யை. வீட்டில் நடப்பதையும் சொன்னார். கோச், “அண்ணே, என்னண்ணே இது,” என்று முணுமுணுத்தார்.

தலைவர் மூட்டையைப் பார்த்தார். “என்னப்பா சொல்றாரு உங்க மாமா? அன்னிக்குக் காலையில உங்க வீட்ல எதை ரிப்பேர் பண்ணினாரு, ஞாபகம் இருக்கா?”

மூட்டை தலையைக் குனிந்து மடியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“குழாய் சார். சமையலறைக் குழாய். வாஷர் தேஞ்சு போச்சு, ராத்திரியெல்லாம் சொட்டுச்சு. அம்மா திட்டினாங்க. மாமா மாத்தினாரு.”

தாம் செய்து வைத்த காரியம் அப்போதுதான் கட்டுக்காரருக்கு உறைத்தது.

“சரியா சொல்றாரா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“சரிதான். ஆனா நேத்து சாயங்காலம் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.”

“நேத்து மாமா வீட்டுக்கு வந்தாரு,” என்றான் மூட்டை. “குழாயைப் பத்தி எதுவும் பேசலை சார்.”

“பொய் சொல்றான்மா. வேற ஏதாவது கேளுங்க. அந்த நாள்ல நடந்த வேற எதையாவது கேளுங்க.”

“சரி, காலையில வேற என்ன நடந்துச்சு?” என்றார் தலைவர்.

“எழுந்தேன், குளிச்சேன், சாப்பிட்டேன். அம்மா அழுதாங்க. போட்டின்னா எப்பவும் அழுவாங்க சார்.”

டாக்டர் சிரித்துவிட்டார். தலைவரும் சிரித்தார். கோச் எழுந்து, ரொம்பப் பவ்யமாக, “அண்ணன் மேல தப்பு சொல்லலை. சொந்த அக்கா பிள்ளை, பயம் இருக்கத்தான் செய்யும். பயத்துல ஒண்ணு ரெண்டாத் தெரியும்,” என்றார். வெளியே நூறு பேர் நின்று கத்தியிருந்தாலும் அந்த அறையில் அந்தப் பேச்சுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இருந்திருக்காது.

வக்கீலம்மா மட்டும் பேனாவை மூடாமல் இருந்தார். “இவ்வளவு பெரிய விஷயத்தை ரெண்டு மாசமா ஏன் யார்கிட்டயும் சொல்லலை?” என்று கேட்டார்.

“பயந்துட்டேன்மா,” என்றார் கட்டுக்காரர். உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன மாத்திரத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஒரு பிடியும் கைவிட்டுப் போனது.

கால் மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது தலைவர் எழுதி வைத்ததைப் படித்தார். மூவரில் இருவர் சம்மதத்தோடு மறுபோட்டிக்குப் பரிந்துரை செய்யப்படுகிறது, நான்கு மாதத்துக்குள் நடக்க வேண்டும். அடுத்தது, காயம் பார்த்தவர் நடுவரிடம் தவறான தகவல் சொன்னதாக அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதால் இரண்டு வருடம் எந்த மூலையிலும் நிற்கக் கூடாது. பாருங்கள் அநியாயத்தை. அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஒரு தீர்ப்பு, நம்பினோம் என்று இன்னொரு தீர்ப்பு, இரண்டும் ஒரே தாளில். அவர் அதைக் கேட்டு வாதாடவில்லை. அடுத்த தடவை அந்த மூலையில் நிற்கிற ஆள் புருவத்தைப் பார்ப்பான், வீக்கத்தைப் பார்ப்பான், கேள்வி கேட்கமாட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கோச் போன் பேசிக்கொண்டே வெளிவாசலுக்கு ஓடினார். கட்டுக்காரர் பின்பக்கத்து முற்றத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில், சுவரோரமாகப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் மூட்டை அவரைத் தேடிக்கொண்டு வந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதில் முதல் பரிசை வாங்கிக்கொண்டு ஓடிவந்தானே, அதே முகம்.

“மாமா, சரியா சொன்னேனா?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணும் விடலையே? மறந்துடுவேனோன்னு எழுதி வச்சுக்கிட்டேன்,” என்று சொல்லி வலது கையை விரித்துக் காட்டினான்.

உள்ளங்கையில் நீல மையில் கோணல் மாணலாக எழுதியிருந்தது. குழாய். சமையல். வாஷர். சொட்டு. அம்மா திட்டு. மாமா. வியர்வையில் ஓரமெல்லாம் கரைந்திருந்தாலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.

“உண்மையாவே குழாயா மாமா அது?” என்றான் மூட்டை, குரலைத் தாழ்த்தி. “எனக்குத் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வருது. நீங்க முட்டி போட்டு உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினது அப்படியே கண்ணுல நிக்குது.”

கட்டுக்காரர் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தார். “வா,” என்றார். “உள்ள வா. வக்கீலம்மா இன்னும் போகலை. இதை அவங்ககிட்டக் காட்டு. ஒண்ணும் பேச வேண்டாம், கையை மட்டும் காட்டு.”

கையைக் காட்டினால் மறுபோட்டி போய்விடும் என்று அப்போதுதான் மூட்டைக்குப் புரிந்தது. கையை மூடிவிட்டான்.

அவர் இரண்டு கையாலும் அந்த முஷ்டியைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். எட்டு வயதிலிருந்து அவர் ‘விரி’ என்றால் விரியும் கை அது, ‘மூடு’ என்றால் மூடும் கை. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் துணியை ஓட்டி எத்தனை நூறு தடவை சுற்றியிருப்பார். இப்போது சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். அறுபதை நெருங்கும் மனிதர், பட்டப்பகலில், வாய்விட்டு அழுதுகொண்டே ஒரு முஷ்டியோடு மல்லுக்கட்டினார். வண்டி எடுக்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

“விடுங்க மாமா,” என்றான் மூட்டை. அவன் குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. “உங்க கை வலிக்கப்போகுது.”

அவர் கையை மெல்ல எடுத்துவிட்டான். முற்றத்து மூலையில் வண்டி கழுவுகிற குழாய் ஒன்று இருந்தது. அதைத் திறந்து, குனிந்து, உள்ளங்கையை நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மை போய்விட்டதா என்று வெயிலில் திருப்பிப் பார்த்தான். சட்டையில் துடைத்துக்கொண்டு, “அம்மாகிட்ட முதல்ல நான்தான் சொல்லுவேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தான். வாசல் வலது பக்கம். அவன் இடது பக்கம் போய், சுவரில் முட்டி நின்று, அப்புறம் திரும்பி வந்து சரியான பக்கம் போனான்.

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அதை மூடினார்.